ஓயாமல் அடித்த மணி

கே.கே. நகர் ஆர்ச் பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். தலைவலித் தைலம் வாங்கப் போனவன், முன்னால் நின்றவரின் பில்லை எட்டிப் பார்த்துவிட்டேன். தப்புதான். ஆனால் பி.காம். படித்தவனுக்கு அடுத்தவர் பில்லையும் கூட்டிப் பார்க்கிற வியாதி உண்டு. அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது.

அவர் மேலூர்ப் பக்கத்து ஆள். வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. "இந்த மாசத்துக்கு முப்பது குடுத்துருங்க தம்பி" என்றார். மூன்று அட்டை வந்தது. இமாடினிப் என்று பெயர் போட்டிருந்தது. நோட்டுகளை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணி வைத்துவிட்டு, மாட்டுத்தாவணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

"ரத்தப் புத்து சார் அவருக்கு. வருசக்கணக்கா மாசம் தவறாம வர்றாரு. பார்த்தா தெரியுதா?" என்றார் கடைக்காரர்.

சத்தியமாகத் தெரியவில்லை. நான் பார்த்தது பஸ்ஸுக்கு அவசரப்படுகிற ஒரு மனிதரை. அவ்வளவுதான்.

அவர் கொடுத்தது சில ஆயிரம் ரூபாய். சும்மா இல்லை, மாதா மாதம் அதைப் புரட்டுவதே பெரிய பாடு. ஆனால் இதே மருந்து, இதே தமிழ்நாட்டில், 2004 வாக்கில் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் விலையில் விற்றது. ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்த விலைக்கு மஞ்சள் பையில் பணம் கொண்டுவர முடியாது. வயலை விற்றுத்தான் கொண்டுவர வேண்டும். அதுவும் எத்தனை மாதத்துக்கு?

லட்சம் எப்படி ஆயிரமானது என்று தேடிக்கொண்டு போனால், கதை அமெரிக்கா, சுவிட்சர்லாந்து என்று ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் சென்னை ஐகோர்ட்டில் வந்து நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், கதையின் ஒரு முனை தொடங்குவதும் அங்கிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய தூரத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில்.

எல்லப்பிரகட சுப்பாராவ். 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். தெலுங்குக்காரர்தான், ஆனால் அன்றைக்கு எல்லாமே மெட்ராஸ் ராஜதானி. மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். (இரண்டு தரம் ஃபெயிலான பிள்ளைகளின் அப்பாக்கள் இந்த வரியைச் சத்தமாகப் படிக்கலாம்.) பிறகு மருத்துவக் கல்லூரி. காந்தி அந்நியத் துணியை விடச் சொன்ன நேரம். நம்ம ஆள் ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போய் நின்றார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் வெள்ளைக்காரர், பிராட்ஃபீல்ட் என்று பெயர். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. விளைவு, படிப்பு முடிந்தபோது சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கொடுக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழைத்தான் நீட்டினார்கள்.

அரசு மருத்துவ வேலைக்கு வழியில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தினார். 'ஸ்ப்ரூ' என்று ஒரு வயிற்று நோய். சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும். அந்த நோய் அவருடைய அண்ணன் தம்பிகளில் இரண்டு பேரை அடுத்தடுத்துக் கொண்டுபோனது. அவரையும் படுக்கையில் தள்ளியது, ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். 1923ல் மனைவியை ஊரிலேயே விட்டுவிட்டுப் பாஸ்டன் போய் இறங்கினார். மறுபடி திரும்பி வரவே இல்லை.

ஹார்வர்டில் படிக்க இடம் கிடைத்தது. சோற்றுக்கு வழி? ராத்திரியில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. பகலில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடம். ரத்தத்திலும் சதையிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல இருவரும் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். சோதனைக் குழாயில் வருகிற நீல நிறத்தின் அடர்த்தியைப் பார்த்தால் போதும், அளவு தெரிந்துவிடும். 1925ல் வெளியான அந்த முறைக்கு இன்றைக்கும் பெயர் 'ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை'. உயிர்வேதியியல் மாணவர்கள் இந்தப் பெயரைப் படிக்காமல் தப்பிக்க முடியாது.

அளக்கத் தெரிந்துவிட்டால் திருட்டு தெரிந்துவிடும். கணக்குப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. சதை வேலை செய்கிறபோது பாஸ்பரஸ் எங்கிருந்தோ எங்கேயோ கைமாறுகிறது. அந்தக் கைமாற்றைத் துரத்திக்கொண்டு போனதில்தான் 1929ல் ஏடிபி என்கிற பொருள் பிடிபட்டது. அதே வருடம் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார். பாடப் புத்தகங்களில் பெரும்பாலும் அவர் பெயர்தான் முன்னால் வரும்.

ஏடிபி என்றால்? உயிரின் சில்லறைக் காசு. மூன்று பாஸ்பேட்டுகளை வால் மாதிரி தொங்கவிட்டிருக்கிற சின்ன மூலக்கூறு. கடைசி பாஸ்பேட்டைக் கழற்றிக் கொடுத்தால் வேலை நடக்கும். விரல் அசைவது, இதயம் துடிப்பது, இந்த வரியை நீங்கள் படிப்பது எல்லாவற்றுக்கும் இந்தக் காசுதான். ஒரு நாளைக்கு நம் உடம்பு புரட்டுகிற ஏடிபி, கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வருமாம். கையிருப்பு கொஞ்சம், புழக்கம் மலையளவு. இப்படி ஒரு வியாபாரத்தை எந்த வணிகவியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சரி, இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? அதற்கு முதலில் ஒரு மதுரைக் கதை சொல்ல வேண்டும்.

திருமலை நாயக்கருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள்மேல் அப்படி ஒரு பக்தி. அங்கே உச்சிக்கால பூஜை முடிந்தால்தான் இங்கே இலையில் உட்காருவார். பூஜை முடிந்தது மதுரைக்கு எப்படித் தெரியும்? வழி நெடுக மண்டபம் கட்டி மணி தொங்கவிட்டார்களாம். கோயிலில் மணி அடித்ததும் முதல் மண்டபத்துக்காரன் அடிப்பான். அதைக் கேட்டு அடுத்தவன். அதைக் கேட்டு அடுத்தவன். இப்படியே சத்தம் கை மாறி மதுரை அரண்மனைக்கு வரும். மகாராஜா கை நனைப்பார். எவ்வளவு நிஜம், எவ்வளவு சேர்த்தது என்பதைச் சரித்திரப் பேராசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்குக் கதை வேண்டும்.

நம் உடம்பின் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படித்தான் மணி மண்டபங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு செய்தி வருகிறது. 'காயம் பட்டிருக்கிறது, இரண்டாகப் பிரி' என்பது மாதிரி. செல்லின் வாசலில் ஒரு புரதம் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கிற அடுத்த புரதத்தைத் தட்டுகிறது. அது அடுத்ததைத் தட்டுகிறது. கடைசியில் நடுக்கூடத்தில் இருக்கிற மரபணு வரைக்கும் சேதி போய், செல் பிரிகிறது. வேலை முடிந்ததும் மணி நிற்கிறது. இதைத்தான் சிக்னல் பாதை என்கிறார்கள்.

தட்டுவது எப்படி? அங்கேதான் சுப்பாராவின் பாஸ்பேட் வருகிறது. 'கைனேஸ்' என்று ஒரு புரத ஜாதி. அதன் மடியில் ஏடிபி வந்து உட்காரும். கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி, பக்கத்துப் புரதத்தின் மேல் ஒட்டிவிடும் கைனேஸ். ஒட்டினால் பக்கத்துக்காரனுக்கு உயிர் வந்துவிடும். எடுத்துவிட்டால் அடங்கிவிடுவான். முயல் தசையை வைத்துக்கொண்டு 1950களில் இதை நிரூபித்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டிலில் இருந்த எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும். நோபல் வந்தது 1992ல். அவ்வளவு சாவகாசம்.

இப்போது யோசியுங்கள். நடுவழியில் ஏதோ ஒரு மண்டபத்தில் ஒருத்தனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. கோயிலில் பூஜையே நடக்கவில்லை, இவன் பாட்டுக்கு மணியடிக்கிறான். காலையில் அடிக்கிறான், மாலையில் அடிக்கிறான், நடுச்சாமத்திலும் அடிக்கிறான். அடுத்தடுத்த மண்டபத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? கடமை தவறாமல் அவர்களும் அடிக்கிறார்கள். மகாராஜா சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

செல் பிரிந்துகொண்டே இருக்கிறது. இதுதான் புற்றுநோய்.

இது தெரிய மனிதகுலத்துக்கு எழுபது வருடத்துக்கு மேல் ஆனது. அதில் பாதி தற்செயல், மீதி சோம்பேறித்தனம் என்று சொன்னால் விஞ்ஞானிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களே சொன்னதுதான். 1911ல் பெய்டன் ரூஸ், கோழிக்கு வருகிற ஒரு கட்டியை வைரஸ் மூலம் இன்னொரு கோழிக்குக் கடத்திக் காட்டினார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 87 வயதில், 1966ல் நோபல் கொடுத்தார்கள். அந்த வைரஸின் விஷமம் ஒரு கைனேஸ்தான் என்று 1978ல் தெரிந்தது. அடுத்த வருடம், கலிபோர்னியாவில் டோனி ஹன்டர் இதே மாதிரி ஒரு புரதச் சோதனை செய்துகொண்டிருந்தார். அதற்கு ஒரு அமிலக் கரைசல் வேண்டும். புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டுப் பழையதையே உபயோகித்தார். பழசானதில் அதன் அமிலக் கணக்கு 1.9லிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. அந்தத் துளி வித்தியாசத்தில், அதுவரை ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு புள்ளிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. புதிய புள்ளி, டைரோசின் என்கிற அமினோ அமிலத்தின் மேல் ஒட்டிய பாஸ்பேட். செல் வளர்ச்சியின் முக்கியமான மணிகள் பல, இந்த டைரோசின் கைனேஸ் ரகம்தான் என்று பிறகு தெரிந்தது. ஹன்டர் அன்றைக்குச் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் கண்டுபிடிப்பு தள்ளிப்போயிருக்கும்.

இதற்கிடையே இன்னொரு பக்கம். மேலூர்க்காரருக்கு வந்த அதே நோய். சி.எம்.எல். என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வார்கள். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கட்டுமீறிப் பெருகும். மண்ணீரல் வீங்கும். சில வருடம் மெதுவாகப் போகும், பிறகு திடீரென்று சீறும். எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றுதான் தீர்வு என்று இருந்தது. அது எல்லோருக்கும் பொருந்தாது, ஆபத்தும் ஜாஸ்தி.

பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, முறைப்படி கழுவாமல் குழாய்த் தண்ணீரில் அலசினார். குழாய்த் தண்ணீரில் செல் ஊதிக்கொண்டு, உள்ளே சிக்குண்டு கிடந்த குரோமோசோம்கள் அழகாக விரிந்து தெரிந்தன. டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இளைஞரும் சேர்ந்துகொண்டார். 1960ல் அறிவித்தார்கள்: இந்த நோயாளிகளிடம் ஒரு குரோமோசோம் மட்டும் குட்டையாக இருக்கிறது. ஊர்ப் பெயரையே வைத்துப் 'பிலடெல்பியா குரோமோசோம்' என்றார்கள். புற்றுநோய்க்கும் மரபணுவுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய முதல் சாட்சி.

குறைந்த துண்டு எங்கே போனது? பன்னிரண்டு வருடம் யாருக்கும் தெரியவில்லை. தெரியவைத்தவர் ஒரு இல்லத்தரசி என்றே சொல்லலாம். சிகாகோவில் ஜேனட் ரவ்லி. டாக்டர், நான்கு பிள்ளைகளின் அம்மா. பிள்ளைகள் வளர்கிறவரை வாரத்தில் சில நாள்தான் வேலைக்குப் போனார். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்த்துக்கொண்டிருப்பார். 'அம்மா காகித பொம்மை வைத்து விளையாடுகிறாள்' என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அந்த மேஜையில்தான் 1972ல் அவர் கண்ணில் பட்டது. 22ஆம் குரோமோசோமில் காணாமல் போன துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 9ன் துண்டு 22க்கு வந்திருக்கிறது. கொடுக்கல் வாங்கல்!

ஒரு பேரேட்டில் 9ஆம் பக்கமும் 22ஆம் பக்கமும் நடுவில் கிழிந்து, பைண்டிங் பண்ணுகிறவர் மாற்றி ஒட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஒரு வரிகூடக் குறையவில்லை. ஆடிட்டர் கூட்டினால் டேலி ஆகிவிடும். ஆனால் ஒட்டின இடத்தில் ஒரு வரி, ஒருத்தர் கணக்கில் ஆரம்பித்து இன்னொருத்தர் கணக்கில் முடியும். அந்த விபரீத வரியின் பெயர் பிசிஆர்-ஏபிஎல். 1980களில் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்கள். அது ஒரு டைரோசின் கைனேஸுக்கான உத்தரவு. நிறுத்தவே தெரியாத கைனேஸ். 1990ல் டேவிட் பால்டிமோரின் குழு இந்த ஒரு மரபணுவை மட்டும் எலிகளுக்குள் ஏற்றி, எலிகளுக்கும் அதே மாதிரி ரத்தப் புற்றை வரவழைத்துக் காட்டியது. மணியடிக்கிற பைத்தியக்காரன் யார் என்று ஊர்ஜிதமாகிவிட்டது.

இனி அவனை நிறுத்துவது எப்படி?

கொஞ்சம் சுப்பாராவிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்காமல் 1940ல் அவர் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். சகோதரர்களைத் தின்ற ஸ்ப்ரூவைக் குணப்படுத்துகிற ஃபோலிக் அமிலத்தை 1945ல் அவருடைய குழு ஆய்வுக்கூடத்தில் செய்து முடித்தது. அதையே சற்றுத் திருத்தி, ஃபோலிக் அமிலம் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு செல்லை ஏமாற்றுகிற அமினோப்டெரின் என்ற பொருளையும் செய்தார்கள். அதை வாங்கிப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948ல் வெளியிட்ட கணக்கு: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை அந்த நோயில் பின்வாங்கல் என்ற பேச்சே கிடையாது. அதன் உடன்பிறப்பான மீத்தோட்ரெக்ஸேட் இன்றைக்கும் நம்மூர் ஆஸ்பத்திரிகளில் புழங்குகிறது. ஆனால் அதே ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே போய்விட்டார். 53 வயது.

ஃபார்பர் பெயரைத் தாங்கி நிற்கிற டானா-ஃபார்பர் நிலையத்தில்தான் 1980களில் பிரையன் ட்ருகர் என்ற இளம் டாக்டர் டைரோசின் கைனேஸ்களைக் குடைந்துகொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா-கைகி கம்பெனியில் நிக்கலஸ் லைடன் என்பவரும் அதே யோசனையில் இருந்தார். கைனேஸின் மடியில் ஏடிபி உட்காருகிறது அல்லவா? அந்த இடத்தில் வேறு எதையாவது முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டால்? மணியடிக்கிறவனின் திண்ணையில் இன்னொருத்தன் காலை நீட்டிப் படுத்துவிட்டால் அவன் எப்படி அடிப்பான்?

யோசனை சரி. ஆனால் உடம்பில் நூற்றுக்கணக்கான கைனேஸ்கள். எல்லாவற்றுக்கும் ஏடிபி உட்கார ஒரே மாதிரி திண்ணை. ஒன்றை அடைக்கப் போய் எல்லாவற்றையும் அடைத்தால் ஆள் காலி. அதனால் நடக்காது என்று பெரிய தலைகளே சொன்னார்கள். பாசலில் யூர்க் சிம்மர்மன் என்ற வேதியியலாளர் மூலக்கூறுகளை வரைந்து வரைந்து, செய்து செய்து பார்த்தார். 1993ல் ட்ருகர் போர்ட்லண்ட் நகரத்துக்கு மாறிப்போய், பாசலிலிருந்து சில பொருள்களை வரவழைத்துச் சோதித்தார். ஒன்று மட்டும் சி.எம்.எல். செல்களைக் கொன்றது, நல்ல செல்களைத் தொடவில்லை. அதற்கு வைத்த பெயர் எஸ்.டி.ஐ.571. எஸ்.டி.ஐ. என்பது 'சிக்னல் கடத்துவதைத் தடுக்கும் பொருள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இமாடினிப் அதுதான். சுப்பாராவ் கண்டெடுத்த ஏடிபியின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிற மருந்து.

அப்புறம் வழக்கமான கம்பெனி விவகாரம். 1996ல் சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து நோவார்ட்டிஸ் ஆனது. புதுக் கம்பெனிக்கு இந்த மருந்தில் பெரிய ஆர்வமில்லை. அமெரிக்காவில் வருடத்துக்குச் சில ஆயிரம் பேருக்கு வருகிற நோய். போட்ட காசு திரும்புமா? ட்ருகர் விடாமல் நச்சரித்தார். 1998 ஜூனில் முதல் மனிதச் சோதனை. 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக் கணக்கு சாதாரண நிலைக்கு வந்துவிட்டது. எழுத்துப் பிழை இல்லை, 53தான். 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. வணிகப் பெயர் அங்கே கிளீவெக். பிறகு நடந்த பெரிய சோதனையில், ஐந்து வருடம் கழித்து 89 சதவிகிதம் பேர் உயிரோடிருந்தார்கள்.

எல்லாப் புற்றுநோயும் இப்படி ஒரே ஒரு பைத்தியக்காரனால் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவற்றில் ஊரே சேர்ந்து மணியடிக்கும். ஒன்றை அடைத்தால் இன்னொன்று. சி.எம்.எல்.லிலேயே சிலருக்கு கைனேஸ் தன் திண்ணையின் வடிவத்தை மாற்றிக்கொண்டு மருந்தை ஏமாற்றியது. அதற்கு அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன.

இருக்காது என்று நினைத்த காசு? 2012ல் உலகம் முழுக்க விற்பனை 460 கோடி டாலருக்கு மேல். நோயாளி சாகாமல் இருந்தால் மாதா மாதம் வாங்குவார் என்பதை ஆரம்பத்தில் கணக்குப் போட்டவர்கள் யாரோ மறந்திருக்கிறார்கள்.

இப்போது சென்னைக்கு வருவோம்.

1970 இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில், மருந்துக்கு உரிமை கிடையாது, அதைச் செய்கிற முறைக்கு மட்டும்தான். ஒருத்தர் இட்லி கண்டுபிடித்தால் அவர் அரைக்கிற விதத்துக்கு மட்டும் உரிமை, இட்லிக்கு இல்லை. நீங்கள் வேறு விதமாக அரைத்து இட்லி சுட்டால் யாரும் கேட்க முடியாது. இந்தியக் கம்பெனிகள் இப்படி வளர்ந்தவைதான். உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, 2005 முதல் இட்லிக்கும் உரிமை கொடுத்தாக வேண்டும் என்று ஆனது. சட்டத்தைத் திருத்தும்போது நாடாளுமன்றம் ஒரு கிடுக்கிப்பிடி வைத்தது. பிரிவு 3(டி). ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்து நீட்டினால் அது கண்டுபிடிப்பு ஆகாது, நோய் தீர்க்கிற திறன் கூடியிருந்தால் ஒழிய.

நோவார்ட்டிஸ் 1998 ஜூலையிலேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தது. இமாடினிப் மூலக்கூறுக்கு அல்ல. அது 1993லேயே வெளிநாடுகளில் பதிவானது. இந்த விண்ணப்பம் அதன் உப்பின் 'பீட்டா படிக' வடிவத்துக்கு. இடையில் 2003 நவம்பரில் விற்பனைக்குத் தனியுரிமையும் கிடைத்தது. அதைக் காட்டிச் சென்னை ஐகோர்ட்டில் தடை வாங்க, சில இந்தியக் கம்பெனிகள் தயாரிப்பை நிறுத்த வேண்டி வந்தது. மாதம் 8,000, 10,000 ரூபாய்க்கு உள்ளூர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 1,20,000 ரூபாய்க்கு எதிரே திகைத்து நின்றது அப்போதுதான். கம்பெனி தரப்பையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்றது. அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருந்தது, அதில் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். ஆனால் உரிமை வேறு, தர்மம் வேறு. அன்னதானம் போடுகிறவர் ஊரில் உள்ள மற்ற அடுப்புகளை அணைக்கச் சொன்னால் யோசிக்கத்தானே வேண்டும்?

புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் நான்கு இந்தியக் கம்பெனிகளும் ஆட்சேபம் தெரிவித்தன. 2006 ஜனவரி 25. சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் ஒருவர் விண்ணப்பத்தை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டார். பாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு பதவி உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

நோவார்ட்டிஸ் சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. நிராகரிப்பு தப்பு என்பது ஒரு வாதம். 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம், உலக ஒப்பந்தத்துக்கும் விரோதம் என்பது இன்னொன்று. இரண்டாவது வாதம்தான் பெரிய வெடி. அது ஜெயித்திருந்தால் பிரிவு 3(டி)யே போயிருக்கும், எல்லா மருந்துக்கும் சேர்த்து. உலகம் முழுக்க ஏழை நாடுகளுக்கு இந்திய மாத்திரைகளை அனுப்பிக்கொண்டிருந்த மருத்துவ அமைப்புகள் பாரிமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு தீர்ப்பு சொன்னது. உலக ஒப்பந்தத்தை மீறியதா என்று பார்க்க வேண்டிய இடம் இதுவல்ல, அதற்கு உலக வர்த்தக அமைப்பிலேயே பஞ்சாயத்து இருக்கிறது. பிரிவு 3(டி) தெளிவாகத்தான் இருக்கிறது, அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை. குடிமக்களுக்கு உயிர் காக்கும் மருந்து எட்டச் செய்வதும் சட்டத்தின் நோக்கம்தான். மனு தள்ளுபடி. (பிரபா ஸ்ரீதேவன், நம்முடைய ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நீதிபதிகளின் வாசிப்பு பற்றி யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.)

நிராகரிப்பு மீதான மேல்முறையீடு தனி ரயிலில் போனது. 2009ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் கை விரித்தது. கடைசியில் உச்ச நீதிமன்றம். 2013 ஏப்ரல் 1. புதிய படிகம் 30 சதவிகிதம் கூடுதலாக ரத்தத்தில் சேருகிறது என்றார்கள். சேரட்டும், அதனால் நோய் கூடுதலாகத் தீர்கிறது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள் நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும். ஆதாரம் இல்லை. வழக்கு முடிந்தது.

அதே ஏப்ரல் மாதம் இன்னொன்று நடந்தது. உலகம் முழுக்க சி.எம்.எல். வைத்தியம் பார்க்கிற நிபுணர்கள் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து, 'பிளட்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்த மருந்துகளுக்கு வைக்கிற விலை அநியாயம், நோயாளிகளால் தாங்க முடியாது என்று. எழுதியவர்கள் பட்டியலில் பிரையன் ட்ருகரும் இருந்தார். எந்த மாத்திரைக்காக அவர் கம்பெனியின் கதவைத் தட்டினாரோ, அதே மாத்திரையின் விலைச்சீட்டை எதிர்த்து.

அமெரிக்காவில் காப்புரிமை முடிந்து, விலை குறைந்த மாற்று மருந்து முதலில் கடைக்கு வந்தது 2016 பிப்ரவரியில். கொண்டுவந்தது ஒரு இந்தியக் கம்பெனி.

அடுத்த மாதம் அதே கடையில் அவரை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை பில்லை எட்டிப் பார்க்கவில்லை. அவராகவே பேச்சுக் கொடுத்தார். வைகைத் தண்ணீர் இந்த வருடம் கால்வாயில் கடைசி வரைக்கும் வருமா வராதா, பேப்பரில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். தெரியவில்லையே ஐயா என்றேன். "பேப்பர்க்காரருக்கே தெரியலைன்னா..." என்று சிரித்துவிட்டு, மூன்று அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.